படுகளத்திற்கு முன்: செஞ்சி வட்டாரப் பாரதக் கூத்தில் முதல் வேடம்

போர் நடந்து முடிந்த களத்தைப் பாடுவது தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. புறத்திணை இலக்கணம் களத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு துறை வகுத்தது. களவழி நாற்பது, யானைகள் வீழ்ந்த களம் ஒன்றையே தன் முழுப்பொருளாகக் கொண்டது. பரணி பாடிய புலவரோ பேய்கள் கூழட்டு உண்ணும் களத்தைக் கண்முன் நிறுத்தினர். ஆயின், களத்தை ஏட்டில் பாடி அமையாது, மண்ணால் அதனைச் செய்து கிடத்தி, அதன்மேல் வேடம் புனைந்து நின்று, வீழ்ந்தவனுக்காக ஊர்ப்பெண்டிர் ஒப்பாரி வைக்க, வஞ்சினம் முடித்தவள் விரித்த கூந்தலை முடிக்க, முன்னொரு காலத்துப் போரை ஆண்டுதோறும் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் வழக்கம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் இன்றும் நிலைபெற்றுள்ளது. திரௌபதியம்மன் திருவிழாவின் இறுதிநாட் காலையில் நிகழும் அதற்குப் படுகளம் என்று பெயர்.

படுகளத்தைப் பற்றி எழுதியோர் பலர். அக்களத்தில் முதன்முதலாக வேடங்கட்டி நிற்கப் போகும் இளைஞன் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகின்றான் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. சிறிய பொருளாகத் தோன்றினும், நானூறு ஐந்நூறு ஆண்டு வரலாறு அந்த ஆயத்தத்துள் மடிந்து கிடக்கின்றது. இன்று முதலில் தேய்ந்துவருவதும் அந்த ஆயத்தமேயாகும்.

பாரதம் ஊர்ப்பொருளான வரலாறு

தமிழகத்தில் பாரதம் பொதுமக்கள் கேட்கும் நூலாக ஆனதற்குப் பல்லவர் காலத்திலேயே சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கியதைக் குறிப்பிடுகின்றது. நிலத்தில் பங்கு பெற்று வாசித்தவனின் வழித்தோன்றலாகவே இன்று திருவிழாப் பந்தலில் பிற்பகல் தோறும் அமர்ந்து வில்லிபாரதத்துக்குப் பொருள் சொல்லும் பாரதப் பிரசங்கியாரைக் கொள்ளலாம்.

வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. அவரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். பழைய தென்னார்க்காட்டு நிலத்தின் பெரும்பகுதி திருமுனைப்பாடி நாட்டுக்குள் அடங்கியது. ஆகவே தமிழில் மிகுதியாக ஓதப்பட்ட பாரதம் கூத்து வேரூன்றிய நிலத்துக்கு அண்மையிலேயே பிறந்தது என்பது நோக்கத்தக்கது. இதனினும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வடமொழிப் பாரதம் பதினெட்டுப் பருவங்களை உடையது. வில்லியின் நூலோ பத்துப் பருவங்களோடு, அதாவது பதினெட்டாம் நாட்போரும் அதன்பின் நேர்ந்த இரவுக் கொலையும் முடிந்த அளவிலே, நின்றுவிடுகின்றது. திருவிழாவும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே முடிகின்றது. படுகளம், கூந்தல் முடிப்பு, தீமிதி, தருமர் பட்டாபிடேகம் என்ற அளவில் கொடி இறங்கிவிடும். வீடுமன் அம்புப் படுக்கையில் உரைக்கும் நீண்ட அறவுரைகளைக் கேட்கக் கூத்துக் கொட்டகையில் எவரும் அமர்ந்திருப்பதில்லை.

கூந்தலைக் குருதி தோய முடிப்பேன் என்னும் வஞ்சினம், கூத்துக்கு மட்டுமே உரியதன்று. பட்டநாராயணரின் வேணீசம்ஹாரம் என்னும் வடமொழி நாடகம் அதனையே தலைப்பாகக் கொண்டது. பாரதியார் புதுவையில் வாழ்ந்த நாளில் எழுதி 1912-இல் முதற்பகுதியை வெளியிட்ட பாஞ்சாலி சபதமும் அவ்வஞ்சினத்தோடே நிறைவுறுகின்றது. அவர் குடியிருந்த நகரைச் சுற்றிலும் இருந்த சிற்றூர்களில் அதே வஞ்சினம் ஒவ்வோர் ஆண்டும் கொட்டகையில் உரைக்கப்பட்டு, களத்தில் முடிக்கப்பட்டு வந்தது. பாஞ்சாலி சபதத்தைப் பாடம் சொல்லும் வகுப்புகளில் இச்சூழல் பேசப்படாமற் போவது வியப்பே.

செஞ்சியும் இரண்டாம் போரும்

திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1988-இலும் 1991-இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல், இவ்வழிபாட்டின் மூலக்களம் செஞ்சி வட்டாரமே என்று வாதிட்டார். பழைய செஞ்சி என வழங்கும் மேலச்சேரியின் திரௌபதி கோயிலை மக்கள் முதற்கோயிலாகக் கருதுவதை அவர் பதிவு செய்துள்ளார். இவ்வட்டாரத்துக் கதை, குருட்சேத்திரத்தோடு போரை முடிப்பதில்லை. பாண்டவர் வழிவந்த சுனீதன் என்னும் அரசன் செஞ்சியை ஆண்டபோது நூறு தலை அசுரன் ஒருவன் தோன்றினான் என்றும், அவனை அழிக்கத் திரௌபதி இரண்டாம் முறையாக வேள்வித் தீயினின்று எழுந்தாள் என்றும், அறுந்த தலை நிலத்தில் விழாதவாறு போத்துராசன் கையில் ஏந்தினான் என்றும் அது கூறுகின்றது. கோயில்தோறும் கையில் தலையுடன் நிற்கும் போத்துராசன் இக்கதையின் சாட்சி.

அவனருகே முத்தால் ராவுத்தர் என்னும் இசுலாமியக் காவலர் நிற்பார். ராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரரைக் குறிப்பது. அவருடைய குதிரைக்குக் கொள்ளு படைப்பதும் சில ஊர்களில் வழக்கம். பாரதத்தில் இல்லாத இவ்வீரர் பாரதப் போர்க்களத்துக்கு எவ்வாறு வந்தார்? விடை செஞ்சியின் வரலாற்றில் உள்ளது. விசயநகரத்தின் கீழ் நாயக்கர் ஆண்ட செஞ்சி, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர் சுல்தானின் படைக்கு வீழ்ந்தது. 1677-இல் சிவாசி கைப்பற்றினார். 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது. பின்னர்ப் புந்தேல இராசபுத்திரர் கோட்டைக் காவல் பெற்றனர். அவர்வழி வந்த தேசிங்கு, 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சதாத்துல்லாகானுடன் பொருது மடிந்தான். அவனோடு களத்தில் மடிந்த நண்பனோ ஓர் இசுலாமிய வீரன். உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக நவாபு ஓர் ஊர் அமைத்தான். இராணிப்பேட்டை என்பது அதுவே. மூன்று தலைமுறை மக்கள் தம் வயலோரத்தில் கண்ட போர்கள் இவை. ராவுத்தர் தெய்வமாகி நின்றதும், துரியோதனன் கொட்டகையில் நாயக்கர் காலத்து அரசனைப்போல் தோள்வளை பூட்டிக் கொலுவிருப்பதும், அவனுக்கு முன் கட்டியங்காரன் கட்டியம் கூறுவதும் இடைக்காலச் செஞ்சியின் நினைவுகளே. மேடையில் நிகழ்வது பாரதம். அதன் படை, கொலு, கட்டியம், வஞ்சினம் ஆகிய யாவும் செஞ்சிச் சீமையைச் சார்ந்தவை.

இத்தகைய மறுநிகழ்வு உலகில் வேறெங்கும் இல்லையோ எனின், உண்டு, தன்மை வேறு. ஸ்காத்லாந்தில் எக்ளிண்டன் பிரபு 1839 ஆகஸ்டில் இடைக்கால வீரர்களின் குதிரைப்போர் விழா ஒன்றை நடத்தினார். பிரபுக்கள் இலண்டன் வணிகரிடம் இரும்புக் கவசங்களை விலைக்கு வாங்கி, விடுதித் தோட்டத்தில் மாதக்கணக்கில் பயின்றனர். விழா நாளில் இலட்சம் பேர் கூடினர். மழை கொட்டியது, குடை பிடித்த வீரர்களைக் கண்டு நாடே நகைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1966-இல் நண்பர் சிலர் வீட்டுப் பின்புறத்தில் தொடங்கிய இடைக்கால விளையாட்டு இன்று பல நாடுகளில் கிளை பரப்பிய கழகமாகியுள்ளது. அங்கே புதிதாகச் சேர்பவன் செய்யும் முதல் வேலை, தனக்கென ஒரு பழங்காலப் பெயரையும் பிறப்பையும் தேர்ந்துகொள்வது. செஞ்சிச் சீமையில் அத்தேர்வு அவனிடம் இல்லை. உடலும் குரலும் பார்த்து வாத்தியார் வேடத்தைத் தருகின்றார். அவ்வேடமும் புதிதாகப் புனைந்ததன்று; அவனுக்கு முன் பலர் கட்டி ஆடிய வேடம். மழையைப் பொறுத்தமட்டில் இன்னும் வேறுபாடு. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது இங்குள்ள நம்பிக்கை. கூத்தின் நடுவே மழை பெய்தால் ஊரார் நகைப்பதில்லை, கைகூப்புவர்.

திரை பிடித்தல்

கூத்தில் சேரும் சிறுவன் முதலில் ஆடுவதில்லை; திரை பிடிக்கின்றான். வேடதாரி களரிக்குள் நுழையுமுன் இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்பர். வேடதாரி அதன்பின் நின்று திரைவிருத்தம் பாடுவான். காண்போருக்கு முதலில் கிரீடத்தின் உச்சியும் சலங்கையணிந்த காலும் மட்டுமே தெரியும். பாட்டு வளர, திரை தாழும், பின் அகலும். திரை பிடிப்பவன் எப்போது தாழ்த்த வேண்டும், எப்போது வேடத்தோடு நகர வேண்டும் என்பதை அறிய, விருத்தம் எங்கு முடிந்து தரு எங்குத் தொடங்குகின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு திருவிழாவில் பத்து இரவு திரை பிடித்தவன் பத்து நாடகங்களின் பாட்டு வரிசையை எவரும் கற்பிக்காமலே கற்றுவிடுகின்றான். ஏடு பார்த்து மனனம் செய்வதும் உண்டு. எனினும், செவியில் ஊறிய பாட்டே இரவு மூன்று மணிக்கு, உறக்கம் கண்ணை இழுக்கும் வேளையில், வாயில் வரும்.

அடுத்தது பின்பாட்டு. வேடதாரி பாடிய அடியைப் பின்னின்று வாங்கிப் பாடுவோர் வரிசையில் அவன் நிற்கின்றான். முகவீணையின் கூரிய ஒலி, மிருதங்கம், டோலக்கு, தாளம், பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஆர்மோனியம் ஆகிய இவற்றுக்கிடையே குரலைத் தூக்கிப் பழக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் உருவான பாட்டுமுறை ஆதலின் கூத்துக்குரல் மேற்சுருதியிலேயே நிற்கும். சங்கீத மேடையின் இனிமையை அளவுகோலாகக் கொண்டு இக்குரலைக் கரடுமுரடானது என்போர், அது எவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்தது என்பதை மறந்து பேசுகின்றனர்.

அடவுகள் பின்னரே வரும். அடவுகளுள் கிறுக்கி எனப்படும் சுழற்சி புதியவனை அச்சுறுத்துவது. களரியை வட்டமாகச் சுற்றிக்கொண்டே தானும் சுழல வேண்டும். வெறுங்காலில், வெற்றுடம்பில் கற்றுக்கொள்வது ஒன்று; தலையிலும் தோளிலும் மரச்சுமை ஏறிய பின் சுழல்வது முற்றிலும் வேறொன்று. எனவே பழகும் நாளில் இடுப்பில் துணிகளைச் சுற்றிக் கனம் ஏற்றிச் சுழலப் பயில்வது பயனுடையது. முதலில் கிடைப்பவை சிறுவர் வேடங்களும் பெண் வேடங்களும். மரபில் ஆடவரே பெண் வேடம் தாங்கினர் ஆதலின், மீசை அரும்பாத முகமும் உடையாத குரலும் குழுவுக்குத் தேவையாயிருந்தன. அதன்பின் அபிமன்னன் போன்ற இளவீரர் வேடம். துரியோதனன், கர்ணன், வீமன் ஆகிய பெருவேடங்கள் ஆண்டுகள் பல கழித்தே வாய்க்கும்.

கட்டை

இவ்வட்டாரக் கூத்தின் உயிர்நிலை மரத்தாலான அணிகலன்களில் உள்ளது. கிரீடம், புயக்கட்டை, மார்புப்பதக்கம், காதோரத்துக் கன்னக்கட்டை ஆகியவற்றைக் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் கடைந்து, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவர். பேரரசர்க்குக் கிரீடம், வேறு சிலர்க்குச் சிகரேக்கு எனப்படும் தலையணி. இவற்றைத் தாங்கும் வேடம் கட்டை வேடம் எனப்படும். இதனைக் கொண்டே கூத்தைக் கட்டைக்கூத்து என அழைக்க வேண்டும் என்று பெருங்கட்டூர் இராசகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே தெ புருயினும் 1990-இல் தோன்றிய தம் சங்கத்தின் வழி வற்புறுத்தினர். தெருக்கூத்து என்னும் பெயரில் உள்ள ‘தெரு’ கலையைத் தாழ்த்துகின்றது என்பது அவர்தம் வாதம். புரிசையைச் சார்ந்தோரும் நாடக அறிஞர் பலரும் தெருக்கூத்து என்ற பெயரையே போற்றினர். கொட்டகைக்குள் இருப்போரைக் கேட்டால் ‘கூத்து’ என்பர், அல்லது ‘நாடகம்’ என்பர். பெயர் பற்றிய வழக்கு பெரிதும் கொட்டகைக்கு வெளியே நிகழ்ந்தது. எனினும் கட்டை என்னும் சொல் நடிகனின் உடம்பு தாங்கும் சுமையை நினைவூட்டுவதால் ஆயத்தத்தைப் பேசும்போது அதுவே பொருத்தமாகின்றது.

முதற்கட்டை கட்டும் நாளில் புதியவன் பிற்பகலிலேயே கொட்டகைக்கு வந்துவிடுவான். முன்னவர் வேடப்பெட்டியைத் திறக்குமுன் கற்பூரம் ஏற்றப்படும். முகத்தில் எண்ணெய் தடவி, அரிதாரம் பூசத் தொடங்குவர். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். வேடம் பூசுதல் முழுவதற்கும் அதுவே ஆகுபெயராயிற்று. இன்று வண்ணக் குழம்புகள் கடையில் கிடைக்கின்றன. கைக்கண்ணாடி ஒன்றைக் காலிடையே நிறுத்தி, அவரவர் முகத்தை அவரவரே எழுத வேண்டும் என்பது முறை. முதல்முறை மட்டும் மூத்தவர் ஒருவர் புருவக் கோட்டையும் மீசையையும் திருத்திக் கொடுப்பார். முகம் முடிந்தபின் இடுப்பு. புடவைகளையும் வேட்டிகளையும் மடித்து மடித்துச் சுற்றிக் கட்டி, அதன்மேல் விரிந்த பாவாடையை ஏற்றுவர். அதன்பின் காலில் சலங்கை. கட்டைகளைக் கயிற்றால் இறுக்கும் வேலை கடைசியில் வரும். இறுக்கம் குறைந்தால் கிறுக்கியின்போது கிரீடம் சாயும். மிகுந்தால் விடிவதற்குள் நெற்றி மரத்துப்போகும். இவ்வளவை எந்த நூலிலும் படித்தறிய இயலாது. கயிறு கட்டும் மூத்தவரின் விரலுக்கே அது தெரியும்.

கட்டை ஏறியபின் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதைக் காட்டிலும் வேடப்பெயர் சொல்லி அழைப்பதே மிகுதி. வேடத்தோடு அவன் வாத்தியார் காலைத் தொட்டு வணங்குகின்றான். களரி கட்டும் முழக்கம் எழுந்ததும் திரைக்குப் பின் சென்று நிற்கின்றான். முன்னர் அவன் பிடித்த திரையை இப்போது இன்னொரு சிறுவன் பிடித்திருப்பான்.

அச்சமும் மன்னிப்பும்

ஆயத்தத்தில் உடற்பயிற்சியினும் கடியது ஒன்றுண்டு. துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேடதாரி திரௌபதியின் புடவையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்துவான். கற்பூரம் ஏற்றப்படும். தான் செய்யப்போவது வேடத்தின் செயல், தன் செயலன்று என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டபின்பே கை நீட்டுவான். 1990-இல் தெருக்கூத்தைப் பற்றிய நூலை வெளியிட்ட ரிச்சர்டு ஃபிராஸ்கா போன்றோர், அவ்விரவில் நடிகர் ஆவேசம் கொள்வதை விரிவாக எழுதியுள்ளனர். காண்போருள்ளும் சிலர் மேல் அம்மன் இறங்கும். புதியவனுக்கு மூத்தவர் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வேடத்துக்குள் புகுவது எவ்வாறு என்பதைப் போலவே, அதினின்று வெளியேறுவது எவ்வாறு என்பதும். ஆவேசம் கொண்டவரைப் பிடித்து நிறுத்துவதும், திருநீறிட்டு மீட்பதும், கிரீடத்தைக் கழற்றுவதும் ஆட்டத்தைச் சேர்ந்த வினைகளே. நடிப்பு வேறு, வழிபாடு வேறு என்று பிரித்தெழுதும் ஆய்வுகள் இவ்விடத்தில் தடுமாறுகின்றன.

பகல் நிகழ்ச்சிகளில் அர்ச்சுனன் தவம் கடினமானது. நெடிய பனந்தண்டை நட்டு, ஏறுவதற்குப் படி அமைத்து, உச்சியில் பரண் கட்டுவர். அர்ச்சுனன் வேடதாரி நோன்பிருந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவான். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மரத்தடியில் ஈரப்புடவையோடு கிடப்பர். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சையையும் பூவையும் மடியேந்துவர். அவ்வுயரத்தில் பாட்டை மறந்தவன் கீழே இருப்போர் அத்தனை பேரின் வேண்டுதலையும் மறந்தவனாகின்றான். இதனால் முதல்முறை வேடங்கட்டுவோரை இம்மரத்தில் ஏற்றுவதில்லை.

நிரைமீட்சி நாளில் மாடுகளை ஓட்டி மீட்பர். வெட்சியும் கரந்தையும் நூற்பெயராகவன்றி ஊர்ப்புறத்தில் புழுதி கிளப்பும் நிகழ்ச்சியாக நடப்பதைக் காண விரும்பும் புறத்திணை மாணவர் அன்று அங்கே போகலாம். அரவான் களப்பலி தலைப்பலியின் நினைவு. தம் தலையைத் தாமே அரிந்து கொற்றவைக்கு ஈயும் வீரரின் சிற்பங்கள் தமிழகத்துப் பல ஊர்களில் நிற்பதோடு இதனை இணைத்துக் காணல் வேண்டும். அரவானுக்கே உரிய கூத்தாண்டவர் விழா கூவாகத்தில் சித்திரை முழுநிலவில் நிகழ்வதையும், திருநங்கையர் அங்குத் தாலி கட்டி, அறுத்து, அழுது வெள்ளையுடுத்துத் திரும்புவதையும் நாடறியும். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் அமைந்தபோது அதனுள் இருந்த கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

படுகளம்

பதினெட்டாம் போர் நாடகம் இரவெல்லாம் நடந்து விடியலில் கொட்டகையை விட்டு வெளியேறுகின்றது. வெளியே துரியோதனன் மண்ணாய்க் கிடக்கின்றான். முந்திய நாளே களிமண் குழைத்து, முப்பது நாற்பது அடி நீளத்தில், மல்லாந்த நிலையில், விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் கையில் கதையுமாக அவனை அமைத்திருப்பர். தொடையில் செந்நீர்ப் பானை புதைந்திருக்கும். இரவு முழுதும் ஆடிய துரியோதனனும் வீமனும் அம்மண்ணுடலைச் சுற்றியும் அதன்மீதும் ஓடிப் பொருவர். வீமன் தொடையில் அடிக்க, செந்நீர் பீறிடும். அம்மனுக்கு, அல்லது அம்மன் வேடதாரிக்கு, அச்செந்நீர் தொட்டுக் கூந்தல் முடிக்கப்படும். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். அவ்வொப்பாரியோடு ஊர்ப்பெண்கள் தம் வீட்டு இழவையும் சேர்த்து அழுவர். அதன்பின் மண்ணுடலைச் சிதைத்துக் கைப்பிடி மண் எடுத்துச் செல்வர். குதிரில் இட்டால் நெல் குறையாது என்பது நம்பிக்கை. பரணி நூலின் களவேள்வியில் பேய்கள் பிணத்தை உணவாக்கிய காட்சி, இங்குப் பகைவனின் உடல் விதைநெல்லோடு சேரும் வழக்கமாக மாறி நிற்கின்றது. தமிழ்க் கவிஞர் எவரும் இக்காலையை ஒருமுறையேனும் நேரில் காணாமல் களம் என்னும் சொல்லைக் கையாளுதல் குறையுடைத்து.

எட்டு மணிநேரம் ஆடிய உடம்போடு அங்கு வந்து நிற்கும் புதியவன் முதன்முதலாக வெயிலில் வேடத்தோடு நிற்கின்றான். இரவில் விளக்கொளியில் பொலிந்த கண்ணாடித் துண்டுகள் பகலில் வேறாகத் தோன்றும். வியர்வையில் அரிதாரம் கரையும். களரியில் திரையும் பின்பாட்டும் அவனுக்குக் காவலாயிருந்தன. இங்குக் கூட்டம் அவனை நெருக்கி நிற்கும். கயிறு தளர்ந்த கிரீடத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டே அவன் ஓட வேண்டியிருக்கும்.

குறையும் இரவுகள்

பதினெட்டு இரவு கூத்து வைத்த ஊர்கள் பத்தாகக் குறைத்தன; பத்து வைத்த ஊர்களுள் சில இரண்டு மூன்றோடு நிறுத்தின. செலவு ஒரு காரணம். மற்றொன்று, இரவெல்லாம் விழித்திருக்கக் கூடியவர் சென்னைக்கும் புதுவைக்கும் வேலைக்குச் சென்றுவிட்டமை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில் திருவிழாக்களே நின்றன. நகர மேடைகளில் ஒன்றரை மணிநேரக் கூத்து இடம்பெறுகின்றது. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், புரிசைக் குழுவினர் அயல்நாடுகளில் ஆடியதும் கூத்துக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் மேடைக் கூத்து தேர்ந்த நடிகனையே வேண்டுகின்றது. திரை பிடிக்கும் சிறுவனுக்கு அங்கு வேலை குறைவு. பத்து இரவு நின்று செவியால் கற்ற கல்வி ஒன்றரை மணிநேரத்தில் நிகழாது. காஞ்சிபுரத்தருகே 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலம் பள்ளிப்படிப்போடு கூத்தையும் கற்பித்ததும், பெண்குழந்தைகளுக்கும் கட்டை கட்டியதும் இவ்விழப்பை எதிர்கொண்ட முயற்சியே. அதுவும் முடிந்துவிட்டது.

இன்னொரு குறை உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. படுகளத்தில் ஊர் முழுதும் கூடுகின்றது என்று எழுதுவது எளிது. ஊர் எனப்படுவோர் யாவர் என்பதே வழக்காக உள்ளது. விழுப்புரத்தருகே மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் பட்டியல் இனத்தார் நுழைந்து வழிபட்டமை பற்றி எழுந்த பூசலால் 2023-இல் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2025-இல்தான் அவர்கள் காவலர் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட முடிந்தது. இசுலாமிய வீரனைக் காவல்தெய்வமாக ஏற்றுக் குதிரைக்குக் கொள்ளு வைத்த வழிபாட்டு மரபு, அண்டைத் தெருவினரை வாயிலில் நிறுத்தியது.

செஞ்சிக்கோட்டை 2025 சூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இராசகிரியைக் காணத் திண்டிவனம் வழியே பயணிகள் வருகின்றனர். புளியவனம் என்று பொருள்படும் பெயர்கொண்ட அந்நகரில் பேருந்து மாறும்போது, கோடையாயின், சாலையோரச் சுவரில் பாரதத் திருவிழாச் சுவரொட்டி ஒன்று தென்படக்கூடும். பாரதப் பிரசங்கம், கூத்துக் குழுவின் பெயர், ஒவ்வோர் இரவுக்குமுரிய நாடகம் ஆகியவை அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். புதியவனின் பெயர் அதில் இராது.

படுகளம் முடிந்த அன்று மாலை தீமிதி. அதன்முன் கொட்டகையில் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைக்கின்றனர். காதோரத்தில் சிறிது மஞ்சள் எஞ்சும். இரண்டு மூன்று நாள் போகாது. கட்டைகள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் செல்கின்றன. நெற்றியில் கயிற்றுத் தழும்போடு புதியவன் சிறிது உறங்குகின்றான். தருமர் பட்டாபிடேக இரவில் அவனுக்கு வேடம் இல்லை. திரையின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் குறைகின்றது என்று அவனை எழுப்புகின்றனர்.